பர்தோலினோவில் அப்பாவோடு ஆறு நாள்

செப்டம்பர் 16, செவ்வாய்: ரயில் ஜன்னல்

ஆஸ்திரியா, இத்தாலி எல்லையில் இருக்கும் பிரென்னர் கணவாயைத் தாண்டுவதற்குள் அப்பா தூங்கிவிட்டார். போல்ட்சானோ போன பிறகு விழித்தவர், ஜன்னலைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"பாப்பா, பந்தலு! இங்க பாரு, அம்புட்டும் பந்தலு!"

பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போல்ட்சானோவிலிருந்து ட்ரென்டோ வரை, ஆதிஜே ஆற்றின் பள்ளத்தாக்கு முழுக்க ஆப்பிள் தோட்டமும் திராட்சைப் பந்தலும்தான். நம் ஊர்ப் பந்தல் கல்தூண் ஊன்றி, மேலே கம்பி பின்னி, கூரை போலத் தட்டையாக இருக்கும். இங்கே ஒரு பக்கம் தூக்கி, சாய்ப்பு இறக்கியது போல வரிசை வரிசையாக நிற்கிறது. அப்பா கைபேசியை எடுத்து ஒரு மணி நேரம் விடாமல் படம் பிடித்தார்.

அப்பா கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டியில் பன்னீர் திராட்சை போட்டவர். மூன்று ஏக்கர். நாற்பது வருஷம். இந்த வருஷம்தான் தோட்டத்தைச் சித்தப்பா மகனிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு, அம்மாவோடு மியூனிக்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருக்கிறார். தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பாவோ பால்கனிக்கும் சமையலறைக்கும் நடுவில்தான் நடக்கிறார். மியூனிக்காரர்கள் நான்கு நாள் விடுமுறை கிடைத்தால் இத்தாலியின் கார்தா ஏரிக்குத்தான் ஓடுவார்கள். ஏரியை ஒட்டிச் சமதளமான நடைபாதை, சுற்றிலும் திராட்சைத் தோட்டம் என்று படித்ததும் அதன் கரையில் இருக்கும் பர்தோலினோ ஊரை முடிவு செய்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, பேத்தியோடு வீட்டிலேயே இருந்துகொண்டார்.

"சும்மா நடக்குறதுக்கு இம்புட்டுத் தூரம் போகணுமா தாயி?" என்று கிளம்பும்போது கேட்டார். பந்தலைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி திரும்ப வரவில்லை.

வெரோனாவில் பேருந்து மாறி, அறைக்கு வந்தபோது மணி மூன்று. பசி. ஆனால் இங்கே மதியச் சமையல் இரண்டரை மணியோடு முடிந்துவிடுகிறது, அடுப்பை மறுபடி ஏழு மணிக்குத்தான் பற்ற வைப்பார்கள். மூன்று உணவகத்தில் கேட்டோம், மூன்றிலும் அதே பதில். ஒரு பெண்மணி மட்டும் வாசல் வரை வந்து, மளிகைக்கடை எந்தப் பக்கம் என்று கையைப் பிடித்துக் காட்டிவிட்டுப் போனார். ரொட்டி, பாலாடைக்கட்டி, நான்கு தக்காளி, ஒரு தண்ணீர் பாட்டில். ஒன்பது யூரோ. ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தக்காளி அப்படி ஒரு ருசி. அப்பா விதையை விரலில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தின்றார்.

எதிர்க்கரை மங்கலாகத் தெரிந்தது. இத்தாலியின் மிகப் பெரிய ஏரி இது, 370 சதுர கிலோமீட்டர். "இதுல பாசனம் உண்டா?" என்று அப்பா கேட்டார்.

செப்டம்பர் 17, புதன்: லாத்சிசே வரை

காலையில் தெற்கே நடந்தோம். பர்தோலினோவிலிருந்து சிசானோ வழியாக லாத்சிசே ஐந்து கிலோமீட்டர். தண்ணீரை ஒட்டியே பாதை போகிறது. இடது கைப்பக்கம் ஒலிவ மரங்கள், நாணல், கூடாரம் அடிக்கும் இடங்கள். வலது பக்கம் ஏரி. சைக்கிளில் வருகிறவர்கள் மணி அடித்துவிட்டு, கடக்கும்போது நன்றியும் சொல்கிறார்கள். எதிரே வருகிற எல்லோரும் "போன்ஜோர்னோ" என்றார்கள். அப்பா முதல் நான்கு பேருக்குத் தலையாட்டினார். ஐந்தாவது ஆளுக்குக் கைகூப்பி வணக்கம் சொன்னார். அவரும் நின்று கைகூப்பிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வழி நெடுக வணக்கம்தான்.

சிசானோவில் ஒலிவ எண்ணெய் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. நான் வேண்டாம் என்று நினைத்த இடம். அப்பா உள்ளே போனதும் கல் ஆலை முன்னால் நின்றுவிட்டார். வட்டத் தொட்டிக்குள் நின்றவாக்கில் உருளும் பெரிய கல், பழத்தைக் கூழாக்க. பக்கத்தில் அந்தக் கூழை அமுக்கிப் பிழிய, மரத்தாலான ராட்சத நெம்புகோல். "நம்ம செக்குல உலக்கை சுத்தும். இங்க கல்லு உருளுது. பிழியிறதுக்குத் தனியா ஒண்ணு" என்று எனக்கு விளக்கினார். அரை மணி நேரம் ஆனது.

லாத்சிசே இன்றைக்கும் கோட்டை மதிலுக்குள் இருக்கும் ஊர். வெரோனாவை ஆண்ட ஸ்காலிகர் வம்சத்துக் கோட்டை, சின்னத் துறைமுகம், அதை ஒட்டி வெனிஸ்காரர்கள் வரி வசூலித்த பழைய சுங்கக் கட்டடம். புதன்கிழமை வாரச்சந்தை. நல்ல வேளை, ஏனென்றால் அங்கே போய்ச் சேரும்போது அப்பாவின் குதிகால் இரண்டிலும் கொப்புளம் வந்திருந்தது. நான் வாங்கிக் கொடுத்த புது ஷூ. வழியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால், "நீ ஆசையா வாங்குனது" என்றார். சந்தையில் பத்து யூரோவுக்கு ஒரு தோல் செருப்பு வாங்கினோம். மருந்துக்கடைப் பெண் பிளாஸ்திரியை விற்றதோடு விடாமல், நாற்காலி போட்டு அப்பாவை உட்கார வைத்து, எப்படி ஒட்ட வேண்டும் என்று குனிந்து காட்டிக் கொடுத்தார். அப்பா கூச்சத்தில் காலை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தார்.

மதியம் சரியான நேரத்துக்குப் போய் உட்கார்ந்தோம். பிகோலி என்று இந்தப் பக்கத்துத் தடித்த நூடுல்ஸ், உப்பில் ஊறிய மத்தி மீனோடு. மீனை ஒலிவ எண்ணெயில் கரைய விட்டு, அதிலேயே பிகோலியைப் புரட்டி எடுக்கிறார்கள். தட்டு மேசைக்கு வந்த உடனே அப்பா முகம் மலர்ந்தது. "கருவாட்டு வாசம்!" ஆமாம், அதே வாசம்தான். 14 யூரோ. பில்லில் கோபெர்தோ என்று ஆளுக்கு இரண்டரை யூரோ தனியாக இருந்தது. ரொட்டிக்கும் மேசை விரிப்புக்குமான காசு, இங்கே வழக்கம். "உக்காருறதுக்குக் காசா?" என்றார் அப்பா. எனக்குப் பதினொரு வருஷமாக ஐரோப்பா பழகிவிட்டது, அந்தக் கேள்வியில் இருக்கும் நியாயம் மறந்தே போயிருந்தது.

சாயங்காலம் பேருந்தில் திரும்பலாம் என்று நின்றோம். முதல் வண்டி நிரம்பி வழிந்து நிற்காமல் போனது. ஐம்பது நிமிஷம் கழித்து வந்ததும் அப்படியே. நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண், வேலை முடிந்து வீடு திரும்பும் இரண்டு பேர், நாங்கள். ஒரு தகவல் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை. எனக்குக் கோபமாக வந்தது, அப்பாவின் காலை நினைத்து. அவர் செருப்பைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நடந்தே போயிருவோம் தாயி. வெயிலு இறங்கிருச்சு."

மெதுவாக, நின்று நின்று நடந்தோம். கிழக்குக் கரை என்பதால் சூரியன் ஏரிக்கு அந்தப் பக்கம் விழுகிறது. தண்ணீர் செம்பு நிறமானது, அப்புறம் சாம்பல். வீடு வந்து சேர எட்டரை. வழியில் அப்பா எனக்குத் தெரியாத கதைகளைச் சொன்னார்: தாத்தா நெல் வயலில் முதன்முதலாகக் கொடி ஊன்றியது, முதல் கல்தூணுக்கு அம்மாவின் வளையலை அடகு வைத்தது. என் வயது நாற்பத்தொன்று. அப்பாவோடு இரண்டரை மணி நேரம் தொடர்ந்து பேசியது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்: ஊருக்குள்ளேயே

காலுக்கு ஓய்வு. இன்று பர்தோலினோவிலேயே சந்தை. ஏரிக்கரை முழுக்கக் கடைகள். கால் கிலோ அத்திப்பழம் வாங்கினோம்.

சான் சேனோ கோயிலைத் தேடி இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டோம். வீடுகள் சூழ்ந்த ஒரு முற்றத்துக்குள் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டுக் கட்டடம். வெளியே சாதாரணம். உள்ளே குறுகலாக, உயரமாக, இருட்டாக, குளுகுளுவென்று இருந்தது. சேனோ வெரோனாவின் காவல் புனிதர், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பிஷப் என்றும், ஆற்றில் மீன் பிடித்துச் சாப்பிட்டவர் என்றும் சொல்கிறார்கள். வெரோனாவில் இருக்கும் சிலையில் கறுத்த முகமும் சிரிப்புமாக, கோலில் ஒரு மீனைத் தொங்கவிட்டிருப்பார். படத்தைக் காட்டினேன். "நம்ம ஐயனார் கோயில் பூசாரி மாதிரி இருக்காரு" என்று அப்பா ரொம்ப நேரம் பார்த்தார்.

இரவு லவரெல்லோ என்ற ஏரி மீன், சுட்டது, 17 யூரோ. முள் குறைவு. அப்பா எலுமிச்சையை இரண்டு மூடி பிழிந்துகொண்டார். பரிமாறிய பையன் கேட்காமலே மிளகாய் எண்ணெய் கொண்டுவந்து வைத்தான்.

செப்டம்பர் 19, வெள்ளி: மேட்டுத் தோட்டம்

ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேட்டில் ஏறினோம். ஊரைத் தாண்டினால் உடனே திராட்சை. மண்ணில் உருண்டைக் கூழாங்கற்கள். இந்த ஏரியே பனியாறு தோண்டியதுதான், தோண்டிய மண்ணையும் கல்லையும் அது தள்ளிக் குவித்ததுதான் இந்தக் குன்றுகள். புதுத் தோட்டங்களில் கொடியைக் கம்பி வேலி மாதிரி நிற்க வைத்திருக்கிறார்கள். பழைய தோட்டங்களில் மட்டும் பந்தல். பெர்கோலா என்கிறார்கள்.

அப்படி ஒரு பந்தலுக்குப் பக்கத்தில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஆறேழு பேர், கையில் சின்னக் கத்தரி, காலடியில் பிளாஸ்டிக் கூடை. அப்பா பாதையோரம் நின்று ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தார். இலையில் நீலக் கறை.

"மயில்துத்தம்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

பந்தலுக்குள்ளிருந்து ஒரு பெரியவர் தலையை நீட்டினார். எழுபது வயது இருக்கும், அப்பா வயதுதான். அப்பா இலையைக் காட்டி, மருந்தடிக்கும் பம்பைத் தோளில் மாட்டி அடிப்பது போலக் கையை ஆட்டினார். பெரியவர் சிரித்துவிட்டு "வெர்தெராமே" என்றார். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலக்கும் அதே போர்டோ கலவை. அடிச்சாம்பல் நோய்க்கு அங்கேயும் அதுதான், இங்கேயும் அதுதான்.

பெரியவருக்கு, சுற்றுலாப் பயணிகளோடு பேசிப் பேசி, ஜெர்மன் கொஞ்சம் தெரியும். ஆகவே அப்பா தமிழில் சொல்ல, நான் ஜெர்மனில் சொல்ல, அவர் வேலையாட்களுக்கு இத்தாலியனில் சொன்னார். ஆனால் பாதி நேரம் நான் தேவைப்படவே இல்லை. பெரியவர் ஒரு குலையை வெட்டி நீட்டினார். கொர்வினா என்ற ரகம். சின்னப் பழம், நீலக் கறுப்பு, தடித்த தோல். அப்பா ஒரு பழத்தைத் தின்று, விதையை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார். விதை பழுப்பாகியிருந்தது. தலையசைத்தார். அதே நேரத்தில் பெரியவரும் தன் உள்ளங்கையில் விதையை வைத்துக் காட்டினார். இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

அப்பா தன் தோட்டத்துப் படங்களைக் காட்டினார். கம்பத்துப் பன்னீர் திராட்சை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். 2023இல் புவிசார் குறியீடும் வாங்கியது. அதையெல்லாம் சொல்லச் சொன்னார், சொன்னேன். பெரியவர் படத்தைப் பெரிதாக்கிக் கல்தூணையே பார்த்தார். இவர்களுக்கு மரத்தூண்தான், சில வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்.

பிறகு அவர் கேட்டார்: வருஷத்துக்கு எத்தனை அறுவடை?

"ரெண்டு வருஷத்துல அஞ்சு" என்று அப்பா ஐந்து விரலைக் காட்டினார்.

நான் தப்பாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று நினைத்து, பெரியவர் மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில். அவருக்கு வருஷத்துக்கு ஒன்றுதான். குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்து, குச்சியாக, மாதக்கணக்கில் சும்மா நிற்கும். அவர் அப்பாவைப் பார்த்து, மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: "அப்படியென்றால் உங்கள் கொடி எப்போது தூங்கும்?"

சொன்னேன். அப்பா உடனே பதில் சொல்லவில்லை. "தூங்க விடுறதில்ல" என்றார்.

அதன் பிறகு விலை பற்றிப் பேச்சு. கிலோ என்ன போகிறது என்று அப்பா கேட்டதும் பெரியவர் உள்ளங்கையைக் கவிழ்த்து, தரையை நோக்கி அமுக்கிக் காட்டினார். அப்பா அதே போலத் தன் கையையும் கவிழ்த்தார்.

வெயில் ஏறியதும் வேலையை நிறுத்திவிட்டு, கொட்டகை நிழலில் உட்கார வைத்தார்கள். மேசையில் ரொட்டி, சலாமி, ஒரு பாட்டில். கியாரெத்தோ என்ற ரோஜா நிற ஒயின். ஊர்ப் பெயரிலேயே இருக்கும் சிவப்பு ஒயினான பர்தோலினோவுக்கும் இதே பழம்தான். அதற்குச் சாறைத் தோலோடு பல நாள் ஊற விடுவார்கள். இதற்குச் சில மணி நேரம் மட்டும், அப்புறம் தோலைப் பிரித்துவிடுவார்கள். அதனால்தான் நிறம் இளசாக நிற்கிறது. அப்பா குடிப்பதில்லை. நெஞ்சில் கை வைத்து மறுத்தார், பெரியவர் வற்புறுத்தவில்லை. ஆனால் அப்பா கிளாஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"நீ குடிச்சுப் பாத்து எனக்குச் சொல்லு தாயி."

அப்பா முன்னால் நான் குடித்ததில்லை. கை கொஞ்சம் நடுங்கியது. மெலிதாக, குளிர்ச்சியாக இருந்தது. புளிப்பு முதலில் வந்தது, கடைசியில் நாக்கோரம் லேசாக உப்பு நின்றது. அப்படியே சொன்னேன். "உப்பா? மண்ணு அப்படி" என்றார் அப்பா.

இரவு பதினொன்றுக்கு இடி. ஏரி மேலே மின்னல் வெட்டி வெட்டி எதிர்க்கரை வரை தெரிந்தது. மழை பக்கவாட்டில் அடித்தது. தண்ணீர் குடிக்க எழுந்தபோது அப்பாவின் கட்டில் காலி. பால்கனிக் கதவருகே, சட்டை நனைய நின்றுகொண்டிருந்தார்.

"அந்த ஆளு தோட்டத்துல இன்னும் பாதி நிக்குது. ஆலங்கட்டி விழுந்தா போச்சு."

சின்ன வயதில் நான் பார்த்த அப்பா இதுதான். மழை ராத்திரிகளில் வாசலில் நிற்கும் முதுகு. அப்போது எனக்கு அது பயமாக இருந்தது, கூப்பிட்டால் திரும்ப மாட்டார் என்று. இன்றைக்கு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். மழை விடும் வரை இரண்டு பேரும் நின்றோம்.

செப்டம்பர் 20, சனி: மறுபடி மேடு

வடக்கே கார்தா என்ற ஊருக்கு மூன்று கிலோமீட்டர் ஏரிக்கரை நடை, அங்கிருந்து ரோக்கா குன்று என்று திட்டம். அதைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. காபி குடித்துவிட்டு, ஒன்று ஒன்றரை யூரோ, நேரே மேட்டுக்குப் போனோம்.

ஆலங்கட்டி விழவில்லை. பாதையெல்லாம் சேறு, குலைகளில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆட்கள் யாரும் வேலை செய்யவில்லை, ஈரம் காய்ந்த பிறகுதான் வெட்டுவார்களாம். பெரியவர் பந்தலுக்கடியில் தனியாக நடந்து, குலை குலையாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அடுத்த வரிசையில் இறங்கி, அவரும் புரட்ட ஆரம்பித்தார். வெடித்த பழம் இருந்தால் கிள்ளிப் போட்டார். ஒரு மணி நேரம் அப்படியே இரண்டு பேரும், ஆளுக்கொரு வரிசை. பேச்சு இல்லை. நான் கல் மேல் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை கழுவிய காற்றில் வடக்கே மலைகள் கிட்டத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தன.

கிளம்பும்போது பெரியவர் ஒரு காகிதப் பையில் நான்கு குலை வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு: திரும்பும் ரயில்

வெரோனாவில் கூட்டம் இல்லை, நல்ல இடம் கிடைத்தது. ட்ரென்டோ தாண்டியதும் அப்பா ஊருக்குப் போன் போட்டார். சித்தப்பா மகன் எடுத்தான்.

"டேய் தம்பி, அறுத்து முடிச்சாச்சா? சரி. உடனே கவாத்துக் கத்திய எடுக்காத. ஒரு மாசம் போகட்டும். ஆமாடா, ஒரு மாசம். கொடி கொஞ்சம் கெடக்கட்டும்."

அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. பருவம் தள்ளிப் போனால் விலை போய்விடும் என்றுதான் சொல்லியிருப்பான்.

"குத்தகைக் காசுல அந்த ஒரு மாசத்தக் கழிச்சுக்க" என்றார் அப்பா.

ஒரு சுரங்கம் வந்து பேச்சு அறுந்தது. அப்பா கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வரும்போது அந்தப் பக்கத்தப் பாத்தாச்சு. இப்ப இந்தப் பக்கம் உக்காருவோம் தாயி" என்று எதிர் ஜன்னலுக்கு மாறினார். மடியில் காகிதப் பை.